சிட்டுக்குருவிக்கு ஒரு மரவீடு: பெங்களூருத் தோட்டங்களுக்கான முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் பறவைக்கென ஒரு மரவீட்டை மாட்ட விரும்புகிறவர், ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன்பே அது எந்தப் பறவைக்கான வீடு என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். எல்லாப் பறவைகளும் பெட்டிக்குள் முட்டையிடுவதில்லை. தேன்சிட்டு கிளை நுனியில் பை போன்ற கூட்டைத் தொங்கவிடுகிறது; தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக்கொள்கிறது; கொண்டைக்குருவி புதரின் கவட்டில் கிண்ணம்போல் கூடு கட்டுகிறது. இவற்றுக்கு எவ்வளவு அழகான மரவீட்டைச் செய்து வைத்தாலும் அவை திரும்பியும் பார்க்கமாட்டா. மரப்பொந்திலோ சுவர் இடுக்கிலோ கூடு வைக்கும் பழக்கமுள்ள பறவைகளே பெட்டியை ஏற்கும். பெங்களூருவில் அவை சிட்டுக்குருவி, மைனா, குண்டுக்கரிச்சான், புள்ளி ஆந்தை ஆகியவையும், மரங்கள் அடர்ந்த பகுதிகளில் பட்டாணிக்குருவியும் ஆகும். குக்குறுவானும் பொந்தில்தான் குஞ்சு பொரிக்கிறது என்றாலும், பட்டுப்போன கிளையைத் தன் அலகாலேயே குடைந்துகொள்ளும் பறவை அது; ஆபத்தில்லாத இடத்தில் நிற்கும் பட்ட கிளையை வெட்டாமல் விடுவதே அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி.

குடியேறுவது யார் என்பதைப் பெட்டியின் வாசல்தான் முடிவு செய்கிறது. பட்டாணிக்குருவிக்கு 28 மி.மீ. விட்டமுள்ள துளை போதும். சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. வேண்டும், 45 மி.மீ.க்கு மேல் போனால் மைனா நுழைந்துவிடும். மைனா ஒருமுறை இடம் பிடித்துக்கொண்டால் சிட்டுக்குருவிக்கு அங்கே வேலையில்லை. கடைகளில் அலங்காரப் பொருளாக விற்கப்படும் பல கூடுகளின் வாசல் அகலமாகவும், உள்ளறை ஆழமில்லாமலும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பூனை கையை விட்டாலே குஞ்சு எட்டிவிடும்.

இந்த வழிகாட்டி சிட்டுக்குருவிக்கானது. பெங்களூருவின் பழைய வீடுகளில் மங்களூர் ஓட்டுக்கும் மர உத்தரத்துக்கும் இடையில் இருந்த சந்துகளிலும், சுவரில் மாட்டிய படங்களின் பின்னாலும் அது தானாகவே குடியிருந்தது. தளம் போட்டு, கண்ணாடி பதித்து, ஓட்டை ஒன்றுகூட இல்லாமல் பூசி மெழுகிய இன்றைய அடுக்ககங்களில் அதற்கு வைக்கோலைச் செருக ஓர் இடுக்கு இல்லை. அந்த இடுக்கைத்தான் நாம் திருப்பித் தருகிறோம்.

மரம்

சுற்றுச்சூழலுக்கு உகந்த கூடு என்பதற்கு நான் கொள்ளும் பொருள் மூன்று: அதற்காகப் புதிதாக ஒரு மரமும் வெட்டப்படக் கூடாது, பறவையின் உடலில் சேரும் நஞ்சு எதுவும் அதில் இருக்கக் கூடாது, பழுதானால் தூக்கியெறியாமல் பிரித்துச் சரிசெய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதலாவதற்குப் பெங்களூருவில் வழி எளிது. பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் மரச் சட்டங்களும் பெட்டிகளும் பழைய மரக் கடைகளில் எடைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கும்போது பலகையின் மேல் சூடாகப் பதித்த முத்திரையைக் கவனிக்க வேண்டும். ஏற்றுமதி மரச் சட்டங்களுக்கான பன்னாட்டு முத்திரையில் 'எச்.டி.' (HT) என்ற எழுத்துகள் இருந்தால் அந்த மரம் வெப்பத்தால் மட்டும் பூச்சி நீக்கம் செய்யப்பட்டது என்று பொருள், 'எம்.பி.' (MB) என்றிருந்தால் அது மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஏற்றப்பட்டது, அதைத் தொடவே வேண்டாம். முத்திரையே இல்லாத, எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறையுள்ள பலகையையும் ஒதுக்கிவிடுங்கள்.

இடிக்கப்படும் பழைய வீடுகளின் தேக்கு, பலா, மாமரக் கதவுகளும் சட்டங்களும் இன்னொரு வழி. நாற்பது ஐம்பது ஆண்டுகள் காய்ந்த அந்த மரம் வளையாது, வெடிக்காது. ஆனால் பழைய பெயின்ட் பூசிய பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய பெயின்ட்டைத் தேய்த்தால் பறக்கும் தூசி, செய்பவருக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும் பறவைக்கும் ஒருசேரக் கேடு. பெயின்ட் படாத பக்கங்களுள்ள மரமாகப் பார்த்து எடுப்பதே நல்லது.

புதுப் பலகைதான் வாங்கியாக வேண்டுமென்றால், மைசூர் ரோடு டிம்பர் யார்டில் சில்வர் ஓக் கேட்டுப் பாருங்கள். குடகிலும் சிக்கமகளூருவிலும் காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தருவதற்காக நடப்படும் மரம் அது. வளர்ப்பு மரமே ஒழியக் காட்டு மரமன்று. நேரடி மழையில் அதற்கு ஆயுள் குறைவுதான், ஆயினும் கூரைச் சரிவின் கீழ் மாட்டும் கூட்டுக்குத் தாராளமாகப் போதும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு போன்றவை வேண்டாம். ஈரம் பட்டால் அவை உப்பி உதிரும், அவற்றின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயுவும் கசியும். தகரமும் பிளாஸ்டிக்கும் வெயிலில் அடுப்பாகிவிடும். மரத்தின் கனம்தான் உள்ளே இருக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் பாதுகாப்பு என்பதால், பலகை 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நான் இங்கே தரும் அளவுகள் 18 மி.மீ. பலகைக்கானவை, ஆசாரிகள் கணக்கில் ஏறக்குறைய ஆறு நூல்.

அளவுகள்

15 செ.மீ. அகலமும் நாலரை அடி நீளமும் உள்ள ஒரே பலகையிலிருந்து கூரை நீங்கலாக எல்லாத் துண்டுகளையும் எடுத்துவிடலாம். நீளவாக்கில் கிழிக்க வேண்டிய வேலையே இல்லை; குறுக்கே அறுத்தால் போதும்.

முதுகுப் பலகை 40 செ.மீ. முன்பலகை 20.5 செ.மீ. அடிப்பலகை 11.4 செ.மீ. பக்கப் பலகைகள் இரண்டுக்கும் சேர்த்து 46 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டாக அறுத்து, பிறகு அதன் ஒரு விளிம்பில் 25 செ.மீ. அளவிலும் எதிர் விளிம்பில் 21 செ.மீ. அளவிலும் குறியிட்டு, இரு குறிகளையும் இணைக்கும் சாய்கோட்டில் அறுக்க வேண்டும். ஒரே அறுப்பில் இரண்டு பக்கங்களும் கிடைத்துவிடும். கூரைக்கு வேண்டிய சரிவும் அதிலேயே அமைந்துவிடும். கூரைக்கு மட்டும் 20 செ.மீ. அகலமும் 23 செ.மீ. நீளமும் உள்ள தனித் துண்டு தேவை. இரு பக்கமும் இரண்டரை செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு அது மழையைத் தள்ளிவிடும்.

முன்பலகை பக்கப் பலகையின் முன் விளிம்பைவிட அரை செ.மீ. குட்டையாக இருப்பது பிழையன்று. முன்பலகையின் கனத்தைத் தாண்டிக் கூரை சரிந்து இறங்க அந்த இடம் வேண்டும். கதவாகும் பக்கப் பலகையின் மேல் விளிம்பில் பிறகு விடப்போகும் 3 மி.மீ. இடைவெளி வழியாக உள்ளேயுள்ள சூடான காற்று வெளியேறும். காற்றுக்கென்று தனியே துளை போட வேண்டியதில்லை.

கருவிகளாக ஒரு கைரம்பம், மூலைமட்டம், டிரில்லிங் மெஷின், வட்டத் துளை அறுக்கும் 32 மி.மீ. ஹோல் சா, கிளாம்ப், இழைப்புளி, அரை அங்குல உளி, அரம், உப்புத்தாள், ஸ்குரூ டிரைவர் இவை போதும். 8ஆம் எண், ஒன்றரை அங்குல எவர்சில்வர் ஸ்குரூ இருபது வாங்கிக்கொள்ளுங்கள், எஸ்.பி. ரோட்டுச் சந்துகளில் சில்லறையாகவே எண்ணித் தருவார்கள். ஆணி வேண்டாம். ஆணி அடித்த பெட்டியைப் பிரித்தால் பலகையும் சேர்ந்து போய்விடும். பசையும் வேண்டாம்.

அறுப்பதும் துளையிடுவதும்

மூலைமட்டத்தை வைத்துப் பலகையின் நான்கு பக்கமும் கோடு போட்டுக்கொண்டு அறுங்கள். ரம்பத்தின் பல் தின்னும் இரண்டு மி.மீ. கோட்டுக்கு வெளியே போகுமாறு பார்த்துக்கொண்டால் அளவு குறையாது. மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அணிந்து, திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள்.

முன்பலகையின் கீழ் விளிம்பிலிருந்து 16.5 செ.மீ. உயரத்தில், அகலத்தின் நடுவில் வாசலுக்கான மையப்புள்ளியைக் குறிக்க வேண்டும். பலகைக்கு அடியில் ஒரு வேண்டாத கட்டையை வைத்து, இரண்டையும் கிளாம்பில் இறுக்கிக்கொண்டு ஹோல் சாவை மெதுவாக ஓட்டினால் பின்பக்கம் சிலும்பாது. துளையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பு இல்லாதவரை உப்புத்தாளால் தேயுங்கள்; நாளுக்கு நூறு முறை அந்த வழியாகப் போய்வரும் பறவையின் சிறகு அதில் உரசப்போகிறது. துளைக்குக் கீழே உட்காருவதற்கென்று குச்சி எதுவும் பொருத்தக் கூடாது. சிட்டுக்குருவிக்கு அது தேவையில்லை. காகமும் செம்போத்தும் உட்கார்ந்து குஞ்சை எதிர்பார்த்திருக்கவே அது உதவும்.

முன்பலகையின் உட்பக்கம் பலரும் மறந்துவிடும் இடம். இழைப்புளி போட்ட வழவழப்பான பலகையில் குஞ்சின் நகம் பிடிக்காது; பன்னிரண்டரை செ.மீ. ஆழத்திலிருந்து ஏறி வெளியே வர முடியாமல் அது உள்ளேயே தவிக்கும். ஆகவே துளைக்கு நேர் கீழே, உளியின் முனையால் குறுக்குவாட்டில் ஒரு செ.மீ.க்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வெட்டுகளைப் போட்டு ஓர் ஏணிபோல் ஆக்கிவிடுங்கள். ஆழம் ஒரு மி.மீ. போதும். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாத கூட்டை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

அடிப்பலகையின் நான்கு மூலையிலும் 6 மி.மீ. துளை ஒவ்வொன்று, நீர் வடிவதற்காக. கூரைப் பலகையின் அடிப்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி, ரம்பத்தால் 3 மி.மீ. ஆழத்தில் குறுக்கே ஒரு கோடு கீற வேண்டும். கூரை நுனியைச் சுற்றி அடியில் ஊர்ந்து உள்ளே வரும் மழைநீர் அந்தக் கீற்றோடு நின்று சொட்டிவிடும். வீட்டுச் சன்னல் மேல் வைக்கும் சஜ்ஜாவின் அடியிலும் இதே பள்ளத்தைக் காணலாம்.

பூட்டுவது

ஸ்குரூ போகும் ஒவ்வோர் இடத்திலும் முதலில் 3 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த மரம் அப்போதுதான் பிளக்காது.

முதலில் ஒரு பக்கப் பலகையையும் அடிப்பலகையையும் இணைக்க வேண்டும். அடிப்பலகை, பக்கப் பலகையின் கீழ் விளிம்போடு சமமாக இல்லாமல் 6 மி.மீ. மேலே ஏறி உட்கார வேண்டும். என் முதல் பெட்டியில் இதை நான் அறியாமல், அடிப்பலகையைக் கீழே வைத்து அதன் மேல் சுவர்களை நிறுத்தியிருந்தேன். ஒரே மழைக்காலத்தில் அடிப்பலகை கறுத்து ஊறிவிட்டது. முருகேஷ்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும், தருமபுரிப் பக்கத்து ஆசாரி ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அறுத்த முனையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "தம்பி, மரம் தண்ணி குடிக்கிறது வயித்தால இல்ல, வாயால. அறுத்த பக்கம்தான் அதுக்கு வாய். அதை உள்ள மறைச்சு வைங்க" என்றார். பலகையின் நார்கள் வெட்டுப்பட்ட முனையில் திறந்த குழாய்களாக நிற்பதால் நீர் அங்கேதான் ஏறுகிறது. அதற்குப் பிறகு நான் செய்த எந்தப் பெட்டியிலும் அடிப்பலகை ஊறவில்லை.

அடுத்து முதுகுப் பலகையைக் குப்புற வைத்து, அதன் கீழ் முனையிலிருந்து ஏழரை செ.மீ. மேலே பெட்டியின் அடி வருமாறு பொருத்தி, பின்னாலிருந்து பக்கப் பலகைக்கும் அடிப்பலகைக்கும் இரண்டிரண்டு ஸ்குரூ முடுக்குங்கள். பக்கப் பலகையின் 25 செ.மீ. உயரமுள்ள விளிம்புதான் முதுகைத் தொட வேண்டும். பிறகு முன்பலகையை அதேபோல் இணைக்கவும்.

இரண்டாவது பக்கப் பலகை திறந்து மூடும் கதவு. அதன் மேல் விளிம்பை 3 மி.மீ. இழைத்துக் குறைத்து, முன்னும் பின்னும் உள்ள பலகைகளுக்கு நடுவே செருகி, முன்பலகையின் மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே வரும் மட்டத்தில் முன்பலகை வழியாக ஒன்றும் முதுகு வழியாக ஒன்றுமாக இரண்டே ஸ்குரூ போட வேண்டும். அந்த இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் கதவு சுழலும்; கூரை பொருத்திய பிறகு ஒரு கோணல் ஸ்குரூவைச் சரிசெய்வது பெரும்பாடு என்பதால், இப்போதே பலமுறை திறந்து மூடிப் பாருங்கள். கீழே, கதவின் வழியாக அடிப்பலகைக்குள் இறங்கும் ஒற்றை ஸ்குரூதான் பூட்டு.

கூரையை அசையாத பக்கப் பலகையின் மேலும் முன்பலகையின் மேலும் பூட்டிவிட்டு, கூரையும் முதுகும் சேரும் மூலையில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து நான்கு செ.மீ. அகலத்தில் வெட்டிய பட்டையை, வாஷர் வைத்த சிறு ஸ்குரூக்களால் இறுக்குங்கள். எந்தப் பஞ்சர் கடையிலும் கிழிந்த டியூப் கிடைக்கும். மழை அந்த மூலை வழியாகத்தான் நுழையப் பார்க்கும்.

அணில் வாசலைக் கடித்துப் பெரிதாக்குவது வழக்கம். அதைத் தடுக்க, துளையைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைப் பதிக்கலாம். தகட்டின் துளை மரத்துளையைவிட இரண்டு மூன்று மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். இல்லையேல் அதன் கூர் விளிம்பு பறவையைக் கிழித்துவிடும். விளிம்பை அரத்தால் மழுக்குங்கள்.

பூச்சு

உட்புறத்தில் எதையும் பூசக் கூடாது. வெளிப்புறத்துக்குப் பச்சை ஆளிவிதை எண்ணெய் இரண்டு முறை போதும். அறுத்த முனைகளுக்கு மட்டும் மூன்றாவது முறையும் தடவுங்கள். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று டப்பாவில் விற்பதில் விரைவில் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம். பச்சை எண்ணெய் காய இரண்டு மூன்று வாரம் ஆகும். வாடை அடங்கிய பிறகே மாட்ட வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது வெப்பத்தை வெளிவிடும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளக்கூடும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள்.

மாட்டும் இடம்

இந்த வேலையில் நான் செய்த மிகப் பெரிய பிழை மரத்தில் அல்ல, திசையில். அல்சூரில் எங்கள் வீட்டின் மேற்குச் சுவர் காலியாக இருந்ததால் அங்கே மாட்டிவிட்டேன். குருவிகள் வந்தன, முட்டையிட்டன, குஞ்சும் பொரித்தன. ஏப்ரல் மாதப் பிற்பகல் ஒன்றில் நிமிர்ந்து பார்த்தபோது, இறகு முழுதாக முளைக்காத குஞ்சு ஒன்று வாசலில் தலையை வைத்து, அலகைப் பிளந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சாக்கைக் கூரை மேல் போட்டேன். இரண்டு குஞ்சுகள் பிழைத்தன, இரண்டு பிழைக்கவில்லை.

பெங்களூருவில் பிற்பகல் வெயிலும் தென்மேற்குப் பருவமழையின் சாரலும் மேற்கிலிருந்து வருகின்றன. ஆண்டிலேயே அதிக மழை பெறும் செப்டம்பரில் அந்தப் பக்கச் சுவர்கள் ஊறி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகையால் வாசல் கிழக்கையோ வடகிழக்கையோ நோக்க வேண்டும். வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று நினைத்துவிட முடியாது; ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளையில் வடபக்கமாகவே நிற்கிறது. எந்தச் சுவரானாலும் சஜ்ஜா அல்லது கூரைச் சரிவுக்கு அடியில் மாட்டுவதே உத்தமம்.

உயரம் எட்டு முதல் பன்னிரண்டு அடி. கிளைகள் தொடாத சுவர் மரத்தைவிட நல்லது. பூனையும் அணிலும் எறும்பும் அங்கே எளிதில் எட்டுவதில்லை. பெட்டி ஏறக்குறைய இரண்டரை கிலோ இருக்கும் என்பதால், முதுகுப் பலகையின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளில் துளையிட்டு, 8 மி.மீ. பிளக் வைத்துச் சுவரில் முடுக்குங்கள். மரத்தில்தான் மாட்ட வேண்டுமென்றால் ஆணி அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்திக் கட்டுங்கள். எறும்பு ஏறுகிறது என்று கிரீஸ் தடவுவதும் எறும்புச் சாக்பீஸால் கோடு போடுவதும் கூடாது. கிரீஸ் இறகில் ஒட்டினால் பறவையால் பறக்க முடியாது, சாக்பீஸ் நஞ்சு.

சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது. ஒரே சுவரில் இரண்டு மூன்று பெட்டிகளை அருகருகே மாட்டினால் அது விரும்பும். மாட்டுவதற்கு ஏற்ற காலம் டிசம்பர், ஜனவரி. முதல் ஆண்டு யாரும் வராமலும் போகலாம். இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு முழு ஆண்டு விட்டுவையுங்கள்.

குடியேறிய பிறகு

உள்ளே வைக்கோல் வைக்க வேண்டாம். அதைக் கொண்டுவருவது குருவியின் வேலை. தோட்டத்தின் ஒரு மூலையில் உலர்ந்த புல்லும் சிறிதாக வெட்டிய தேங்காய் நாரும் கிடந்தால் எடுத்துக்கொள்ளும். நைலான் நூலும் மாஞ்சாக் கயிறும் தரையில் கிடக்க விடாதீர்கள். குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் கால் அழுகிவிடும். தாய்ப் பறவை தானியம் தின்றாலும், பொரித்த புதிதில் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழுவையும் பூச்சியையுமே ஊட்டுகிறது. ஆகவே பெட்டி வைத்த தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்பது, வீட்டைக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் பறிப்பதற்குச் சமம். செம்பருத்தி, மருதாணி, கறிவேப்பிலை போன்ற புதர்களும், குளிக்க ஒரு தட்டு நீரும், புரள ஒரு பிடி உலர்ந்த மண்ணும் இருக்கட்டும். கம்பும் தினையும் வைப்பவர்கள் பெட்டிக்கு அடியில் வைக்காமல் தள்ளி வையுங்கள்; இரைக்கு வரும் காகம் கூட்டையும் பார்த்துவிடும்.

அடைகாப்பது ஏறக்குறைய 11 முதல் 14 நாள். குஞ்சு பறக்க மேலும் இரண்டு வாரம். அந்த ஒரு மாதமும் கதவைத் திறக்கக் கூடாது. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. குருவிகளின் போக்குவரத்து நின்று ஒரு வாரமாகியும் உள்ளே சத்தமில்லை என்று உறுதியான பிறகு, பூட்டு ஸ்குரூவைக் கழற்றி, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பழைய கூட்டை எடுத்துவிடுங்கள். உண்ணியும் செள்ளும் அதில்தான் தங்கும். கொதிநீரை மட்டும் ஊற்றிக் கழுவி, ஒரு நாள் வெயிலில் திறந்து வையுங்கள். சோப்பும் பினாயிலும் வேண்டாம். சிட்டுக்குருவி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முட்டையிடும் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடாமல் முடிக்க வேண்டும்.

டிசம்பரில் ஒருமுறை பெட்டியைக் கீழே இறக்கி, டியூப் பட்டை வெடித்திருந்தால் மாற்றி, தளர்ந்த ஸ்குரூவை முடுக்கி, அறுத்த முனைகளுக்கு ஒரு கை எண்ணெய் தடவுங்கள். வாசல் 32 மி.மீ. தானா என்பதையும் அப்போதே அளந்து பாருங்கள். அணில் கடித்துப் பெரிதாக்கியிருந்தால் முன்பலகையை மட்டும் கழற்றிப் புதிதாக ஒன்றை அறுத்துப் பூட்டிவிடலாம்.